வெற்றுத்தாளில் விழுந்த முத்திரை

மார்ச் 3

பொருள்: மகள் நலம். வீட்டைப் பற்றிப் பிறகு.
பார்வை: விமானம் ஏறும் முன் நீ என்னைப் பார்த்த பார்வை.

அன்புள்ள அம்மா,

உன் ஆபீஸ் கடிதம் மாதிரியே ஆரம்பித்திருக்கிறேன், பெருமைப்படு. நீ போய் நாலு நாள் ஆகிறது. அப்பா பஸ் ஓட்டுகிற மாதிரியேதான் சமைக்கிறார். சாப்பிடுகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நேற்று பாத்திரம் அடிப்பிடித்ததற்கு, "என் தப்பில்ல, அடுப்பு ஓவர்டேக் பண்ணிருச்சு" என்றார்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, எதுக்குடி கடிதம் என்பாய். போனில் நீ பேசுவதெல்லாம் சாப்டியா, படிச்சியா, கதவைப் பூட்டினியா. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால், "சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் போன்ல பேசக் கூடாதுன்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க" என்று வாயைத் தைத்துக்கொள்கிறாய். கடிதத்தைப் பற்றி வக்கீலம்மா ஒன்றும் சொல்லவில்லையே. உன் ஆபீஸிலிருந்து வாரத்துக்கு ஒரு கோப்புப் பை உனக்கு வருகிறதாம். பெரிய சாரிடம் பல்லைக் காட்டி, அதில் ஓர் ஓரத்தில் இதைச் சொருகிவிட்டேன்.

இன்று குடிமையியல் வகுப்பில் இறையாண்மை. "ஒரு நாட்டுக்குள்ள அந்த நாட்டோட சட்டத்துக்கு மேல எதுவும் கிடையாது" என்று டீச்சர் படித்தார். நான் கை தூக்கினேன்.

"அப்புறம் ஏன் டீச்சர் எங்கம்மா அந்தச் சட்டத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஃப்ளைட் ஏறினாங்க?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "நீயே வந்து சொல்லு" என்று சாக்பீஸை நீட்டிவிட்டார்.

சொன்னேன். ஊர் ஓரத்தில் ஒரு சாயத் தொழிற்சாலை, வெளிநாட்டுக் கம்பெனியுடையது. சாயத் தண்ணீரை ஆற்றில் விடுகிறது. எங்கம்மா நீர்த்தர ஆய்வாளர். பதினெட்டு தடவை நோட்டீஸ் கொடுத்தார். போன வருஷம் அரசு ஒரு விதி போட்டது: ஆற்றில் விடுகிற தண்ணீரில் உப்பு இப்போது இருப்பதில் பாதிதான் இருக்கலாம். கம்பெனி நம் கோர்ட் பக்கமே வரவில்லை. நான் பிறப்பதற்கு முன்னால் இரண்டு நாடும் போட்ட முதலீட்டு ஒப்பந்தத்தைத் தூசி தட்டி, "வஞ்சம் வச்சு எங்களை விரட்டுறாங்க" என்று மூன்று நடுவர்களிடம் போய்விட்டது. அந்த மூன்று பேரும் நம் ஆற்றில் கால் நனைத்ததில்லை. அவர்கள் ஆமாம் என்றால், ஒன்று நஷ்டஈடு, இல்லை விதி வாபஸ்.

"உட்காரு" என்றார் டீச்சர். அதற்கு மேல் புத்தகத்திலும் இல்லை போல.

இன்னொரு விஷயமும் எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது. நம்பு.

உன்
வாலு


மார்ச் 10

வாலு,

கடிதம் கிடைத்தது. பெரிய சாரிடம் இனி பல்லைக் காட்டாதே, அவர் பாவம்.

நீதிமன்றம் என்று நினைத்துத்தான் வந்தேன். இது ஒரு ஹோட்டலின் இரண்டாவது மாடி. கூட்ட அறை. வாசலில் பல்மருத்துவர்கள் மாநாட்டுப் பலகை இருந்தது. முதல் நாள் முழுவதும் அதை யாரும் எடுக்கவில்லை. அந்தப் பலகையைத் தாண்டித்தான் நம் அமைச்சகத்து ஆட்கள், கம்பெனி ஆட்கள், நான் எல்லாரும் உள்ளே போனோம். மேஜை மேல் கண்ணாடிக் குடுவைகளில் தண்ணீர். எனக்குக் கை பரபரத்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம், தண்ணீரைப் பார்த்தால் அளக்கத் தோன்றும்.

மூன்று நடுவர்களும் மரியாதையானவர்கள். நடுவில் இருக்கும் அம்மாள் எல்லாவற்றையும் கையாலேயே எழுதிக்கொள்கிறார். நாம் பேசுவது மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர்கள் காதுக்குப் போகிறது, அவர்கள் பேசுவது நம் காதுக்கு.

நேற்று கம்பெனி வக்கீல் ஒரு தாளைக் காட்டினார். சான்று எண் 114. நம் ஆபீஸ் முத்திரையோடு தொழிற்சாலை வாசலில் ஒட்டப்பட்டிருந்ததாம். வாசகம் இது:

"இதனால் அறிவிப்பது என்னவென்றால், மேற்படி தொழிற்சாலை இன்று முதல் நாடு கடத்தப்படுகிறது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குழாயைப் பாய்போல் சுருட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டவும். போகும்போது ஆற்றிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகவும்."

மொழிபெயர்ப்பாளர் இதை வானிலை அறிக்கை மாதிரி வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. "இது ஒரு அரசாங்கமா, பள்ளிக்கூட மைதானமா?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார். நம் பக்கத்தில் அத்தனை பேரும் குனிந்து அவரவர் தாளைப் பார்த்தார்கள். நானும்தான்.

உணவு இடைவேளையில் நம் தரப்பு வக்கீலம்மா, "யார் எழுதியிருப்பாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னேன்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். பரீட்சைக்குப் படி.

அம்மா


மார்ச் 17

அம்மா,

பதில் எழுத வேண்டாம் என்றாய். எந்த நாளில் நீ சொன்னதைக் கேட்டிருக்கிறேன்?

நான்தான்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். அப்பா, "என்னடி, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். சுண்ணாம்பு என்றால் வெள்ளை; என் காது இரண்டும் சிவந்து சுட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு நிறமே தெரிவதில்லை, சிக்னலை எப்படிப் பார்க்கிறாரோ.

போன வருஷம் ஒரு நாள் நீ சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? தொழிற்சாலை வாசலில் உன்னை இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டு, "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்" என்று திருப்பி அனுப்பினார்களாம். நீ அதை அப்பாவிடம் சொன்னாய். அழவில்லை. தண்ணீர் கேட்டாய்.

அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பாதிதான் அது. மீதிப் பாதி, வகுப்பைச் சிரிக்க வைக்க. பொய் சொல்ல முடியவில்லை, எழுதும்போது கை நிற்கிறது.

உன் நீலப் பையில் முத்திரை மட்டும் போட்ட வெற்றுத்தாள் ஒரு கட்டு எப்போதும் இருக்கும் இல்லையா. அதில் ஒன்றை எடுத்தேன். பள்ளிக் கணினியில் அடித்தேன். என் பெஞ்சுக்காரி ஒட்டடைதான் மைதாப் பசை காய்ச்சினாள். அவளுக்குத்தான் கை எட்டும், அதனால் அவள் ஒட்டினாள். நான் தெரு முனையில் காவல். பள்ளிக்கூடம் தொடங்கும் முன்னே முடித்துவிட்டோம். காவலாளி பத்து நிமிஷத்தில் கிழித்துவிட்டார். அதோடு போச்சு என்று நினைத்தோம். கிழித்ததை மடித்து மேலே கொடுத்திருப்பார் என்று எனக்கு எங்கே தெரியும். ஒரு கம்பெனி என் ஜோக்கை ஃபைல் போட்டு வைக்கும், அதற்கு நம்பர் கொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்.

"பள்ளிக்கூட மைதானமா" என்று அவர் கேட்டது சரிதானே அம்மா. அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஆள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை, அதை உண்மையாக்கினது நான்.

நான் வந்து சொல்கிறேன். இல்லை, எழுதித் தருகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

வாலு


மார்ச் 24

கண்ணு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் வரியிலேயே எனக்குத் தெரியும். 114-ஐக் காட்டிய அன்றே தெரியும்; "பாய்போல் சுருட்டி" என்று நம் வீட்டில்தான் பேசுவார்கள்.

நீ எடுத்த தாளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நீ பார்த்திருக்கிறாய், ஆனால் அது என்னவென்று கேட்டதில்லை. முத்திரை ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது என்பது ஒரு விதி. தண்ணீர் எடுத்த இடத்திலேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆறு ஆபீஸுக்கு வராது. அதனால் எங்கள் ஆபீஸில் எல்லாரும் காலையில் வெற்றுத்தாளில் முத்திரையைக் குத்தி எடுத்துக்கொண்டு கிளம்புவோம். அங்கே போய் எழுதிக் கொடுப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்ததில்லை.

இப்போது புரிகிறதா? 114 ஒரு பிள்ளையின் விளையாட்டு என்று சொன்னால், அரசு வஞ்சம் வைத்தது என்ற பேச்சு அடிபட்டுப் போகும். ஆனால் அந்தத் தாள் எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். கட்டு வெளியே வரும். பதினெட்டு நோட்டீஸும் அதே மாதிரித் தாளில் எழுதினவை. முத்திரை முன்னால், எழுத்து பின்னால். சட்டப்படி ஒன்றுமே நிற்காது.

வியாழக்கிழமை என்னைச் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"இது உங்கள் அலுவலக முத்திரையா?"

"ஆமாம்."

"அசலா?"

"அசல்தான்."

"முத்திரை அலுவலகத்தை விட்டு வெளியே போவதுண்டா?"

"இல்லை" என்றேன்.

அதில் பொய் இல்லை. முத்திரை போகாது, தாள்தான் போகும். அவர் அதைக் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எழுந்தபோது முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். டீச்சரை ஏமாற்றிவிட்டு வரும் அன்று உன் முகத்தில் ஒன்று தெரியுமே, அதே சந்தோஷம். அப்புறம் நடுவில் இருந்த அம்மாளைப் பார்த்தேன். என் பதிலை நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார். நான் கழிப்பறைக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினேன்.

உன் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. வக்கீலம்மாவிடம் காட்டவில்லை. நீ யாரிடமும் ஒன்றும் சொல்லாதே. அமைச்சகத்தில் ஏற்கனவே சமரசம் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அம்மா


மார்ச் 31

அம்மா,

இந்த முறை பொருள், பார்வை எல்லாம் போட மனசு வரவில்லை.

நீ எனக்காக மறைத்தாயா, அந்தக் கட்டுக்காக மறைத்தாயா? எனக்காக என்றால் எனக்கு வேண்டாம். நான் ஐஸ்க்ரீம் திருடினதை நீ மறைத்ததில்லை. பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அமுக்கிவிட்டு ஓடினதற்குக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மன்னிப்புக் கேட்க வைத்தவள் நீ. ஒரு அழைப்பு மணிக்கு அவ்வளவு, ஒரு ஆற்றுக்கு ஒன்றுமில்லையா?

இப்படி எழுத எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

பெரிய சாரைப் போய்ப் பார்த்தேன். பல்லைக் காட்டவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்; எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார். கட்டுக் கட்டாக வெற்றுத்தாள், எல்லாவற்றிலும் நம் நாட்டு முத்திரை.

"இதை விட்டா வேலை நடக்காதும்மா. ரெண்டு விதியையும் திருத்தச் சொல்லி ஏழு தடவை எழுதியிருக்கேன். ஒருத்தரும் பதில் போடல."

"அப்ப இதையே அங்க சொல்லலாமே சார்."

"யார் சொல்றது?" என்றார். இழுப்பறையைச் சாத்திக்கொண்டே, "உங்கம்மா சொன்னா முதல்ல போறது உங்கம்மா வேலை. அடுத்தது என் வேலை" என்றார். அப்புறம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்கவே முடியவில்லை. என்னால் வேலை போகப்போகிற ஆளிடம் டீ வாங்கிக் குடிப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?

நோட்டீஸ் நிற்காது, சரி. தண்ணீரில் உப்பு இருந்தது நிஜம்தானே? பதினெட்டு தடவையும் நீ கையால் அளந்தாய். அதை வாயால் சொல்ல முத்திரை எதற்கு?

இத்துடன் நான் எழுதிய வாக்குமூலம் இரண்டு பிரதி. ஒட்டடையைப் பெயர் சொல்லவில்லை, "ஒரு தோழி" என்று போட்டிருக்கிறேன். எனக்குப் பதினாறுதான் ஆகிறது என்பதால் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங் மேல் தாளை வைத்துப் படித்தார். ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. "இந்தத் தாளை உங்கம்மா கையில கொடு, வக்கீலுக்கு நேரா அனுப்பாத" என்றார். "ஏன்?" என்றேன். "அவளா கொடுக்கணும். நீ பிடுங்கிக் கொடுத்தா அவளுக்கு அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது" என்றார்.

உறையை ஒட்டவில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் உன் பாடு.

வாலு


ஏப்ரல் 7

வாலு,

கொடுத்துவிட்டேன்.

பை வந்த அன்று அதைக் கட்டிலில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கீழே தெருவில் ஒரு ஆள் நடைபாதையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தான். எவ்வளவு நல்ல தண்ணீர். நான் உண்மையைச் சொல்லத் துணிந்தவள் என்று இங்கே ஓரிருவர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை என்று உனக்காவது தெரியட்டும். நீ உறையை ஒட்டியிருந்தால் நான் அதைத் திறக்காமலே இருந்திருப்பேன்.

வக்கீலம்மா படித்தார். "இது என் கைக்கு வராம இருந்திருக்கலாம்" என்றார். திட்டவில்லை. மறுநாள் என்னைத் திரும்ப நாற்காலிக்கு அனுப்ப அனுமதி கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு, பை, நீ, பசை. "இல்லை" என்று போன முறை நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

கம்பெனி வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். "பதினெட்டு நோட்டீஸில் எத்தனை அப்படிப்பட்ட தாளில் எழுதியவை?"

"பதினெட்டும்."

"நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார். கேலி இல்லை. மனதார நன்றி சொன்னார், அதுதான் குத்துகிறது.

நடுவில் இருந்த அம்மாள், "கடைசி நோட்டீஸ் கொடுத்த அன்று உப்பு எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார். மனப்பாடமாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அந்த எண் இனி எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது.

114 அரசின் செயல் இல்லை என்று நீக்கிவிட்டார்கள். நஷ்டஈடு கேட்பதைக் கம்பெனி விட்டுவிட்டது. பதினெட்டு நோட்டீஸும் நிற்காது என்று ஆனதால், அன்று சாயங்காலமே அமைச்சகம் சமரசத்துக்கு ஒத்துக்கொண்டது. உப்பு விதி வாபஸ். இனிமேல் நம் ஆற்றுக்கு நாம் எந்த விதி எழுதினாலும் முதலில் அவர்களுக்கு அனுப்ப வேண்டும். தொண்ணூறு நாள் அவர்கள் கருத்துக்குக் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் நம் மக்களுக்கே காட்டலாம். இதை என் கண் முன்னால் தட்டச்சு செய்தார்கள். பத்தி எண் நாலு.

மறைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார் வக்கீலம்மா. ஆறுதலா, உண்மையா என்று கேட்கவில்லை.

முத்திரைத் தாள் பற்றித் துறை விசாரணை முடியும்வரை எனக்கு வேலை இல்லை. பெரிய சாருக்கும் கடிதம் போயிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்வரை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் பத்து நாள். நம் ஆட்கள் சாப்பிடும் மேஜையில் எனக்கு இடம் இருக்கிறது. பேச்சுத்தான் இல்லை.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று போனில் கேட்க வாய் எடுத்து, கேட்காமல் வைத்துவிட்டாய். இருக்கிறது. என் மேல் இருப்பதை விடக் கொஞ்சம் குறைவு.

அம்மா


ஏப்ரல் 14

அம்மா,

விஷயம் பள்ளிக்குத் தெரிந்துவிட்டது. நான் நினைத்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறார்கள். "ஒரே தாள்ல ஒரு நாட்டையே கவுத்துட்டாளே" என்று பதினோராம் வகுப்புப் பையன்கள் என்னோடு நின்று படம் எடுக்க வருகிறார்கள். முன்னாடி என்றால் நாலு விதமாகப் போஸ் கொடுத்திருப்பேன். இப்போது பெண்கள் கழிப்பறைக்குள் போய் நின்றுகொள்கிறேன். ஒட்டடை வெளியே காவல் இருக்கிறாள். டீச்சர் இறையாண்மைக்கு அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார். என் பக்கம் பார்ப்பதே இல்லை.

நேற்று நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. குழாயில் வருவது வாயில் வைக்க முடியவில்லை, அதனால் இப்போது வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது. நானும் குடத்தோடு நின்றேன். எனக்கு முன்னால் இருபது பேர் இருக்கும். லாரிக்காரர் குழாயைக் குடத்துக்குள் விட்டுக்கொண்டே, "இனிமே வாரத்துக்கு நாலு நடை வரணும் போல. அந்த உப்பு விதியை எடுத்துட்டாங்களாம்" என்றார். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை.

என் முறை வந்தது. சொல்லிவிட்டேன். "அது என்னாலதாங்க. அந்தத் தாளை எழுதினது நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் நின்ற அக்காவும் பார்த்தாள். ஒரு அறை விழும் என்று கன்னத்தைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குடம் நிறைஞ்சிருச்சு பாரு, நகரும்மா. பின்னாடி ஆள் நிக்குது" என்றார்.

நகர்ந்தேன்.

விமான நிலையத்துக்கு அப்பாவோடு நானும் வருகிறேன். நீ வந்து என்னைத் திட்டு அம்மா. அங்கேயே, எல்லார் முன்னாலும் திட்டு. இங்கே யாருக்கும் அதற்கு நேரமில்லை.

உன் மகள்